நாற்பதாம் எண் எழுதியது

பிப்ரவரி 4

வாண்டு,

காகிதத்தில் எழுதுகிறாளே என்று திகைக்காதே. உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்து இரண்டு வாரமாகிறது. அதை எடுத்துவிட்டுப் பேசலாம்தான். ஆனால் பேசினால் நீதான் பேசுவாய். சின்ன வயதிலிருந்தே நான் வாயைத் திறப்பதற்குள் வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறவள் நீ. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

உங்கள் ஆஸ்பத்திரி ஆப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிங் என்கிறது. அரிப்பு எத்தனை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இழுத்துக் காட்டு. தூங்கினாயா. நினைத்த உடையைப் போட முடிந்ததா. அளவு அட்டையைப் பக்கத்தில் வைத்து முழங்கையைப் படம் எடு. யாராவது உன்னைத் தொடத் தயங்கினார்களா. நீ யாரையாவது தொடத் தயங்கினாயா. கடைசியில் ஒரு காலிக் கட்டம், சொல்ல நினைத்ததை எழுது. சொரியாசிஸ் வந்தவர்கள் சுமக்கிற சுமை எவ்வளவு என்று பன்னிரண்டு வாரம் அளக்கப் போகிறீர்களாம். நல்லது, அளந்துகொள்ளுங்கள்.

நான் ஜனவரி நாலாம் தேதியிலிருந்து ஒரு நாள் விடாமல் பதிகிறேன். நேற்றோடு முப்பத்தொரு நாள். பதிந்த நாள் கணக்கு மேலே பச்சையில் வரும், உனக்குத் தெரியாததா. முந்தாநாள் முப்பது என்றது. நேற்று பதிந்து முடித்துப் பார்த்தால் மறுபடியும் முப்பது. நம் விரல்தான் எங்கேயோ தப்பாகப் பட்டுவிட்டது என்று நாட்காட்டியைத் திறந்தேன். எல்லா நாளிலும் பச்சைப் புள்ளி, ஜனவரி பத்தொன்பதில் மட்டும் வெள்ளை. அன்றைக்கு நான் பதியவே இல்லையாம்.

பதிந்தேன். உன் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து பதிந்தேன். நேற்று முன்தினம் வரை அந்த நாளும் பச்சையாகத்தான் இருந்தது.

இதில் சேரச் சொல்லி நீதான் கெஞ்சினாய். "நாப்பது பேர் வேணும்க்கா, முப்பத்தொம்பதுலயே நிக்குது. லீவுல இருந்தாலும் பெரிய டாக்டர் தினமும் போன்ல கேக்கறாங்க, நீ வந்தா முடிஞ்சுது" என்றாய். "நான் எழுதறதை நீ படிப்பியே" என்றேன். "எனக்கு எண் மட்டும்தான்க்கா தெரியும், ஆள் யாருன்னே தெரியாது, சத்தியமா" என்றாய். நாற்பதாவது ஆள் யார் என்று உனக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

யார் அதை எடுத்தது? பதில் போடு. பாப்பா எப்படியிருக்கிறாள் என்றும் எழுது.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாடா, ஒருவழியாக எழுதினாயே! உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் எனக்கு உயிரே வந்தது. இரண்டு வாரமாக நான் போன் பண்ணாத நாளில்லை. எதற்காக இந்தக் கோபம் என்று சத்தியமாகப் புரியவில்லை. பஸ் ஏறும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதானே கையாட்டினாய்? அத்தைகூட "உங்க அக்கா ஏன்மா போனே பண்றதில்லை" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். என் மாமியாருக்கு என்ன பதில் சொல்வது, சொல்லு.

பாப்பா நன்றாக இருக்கிறாள். ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னைவிட மின்விசிறியைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கிறாள், அது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் விடுப்பு முடிந்து நான் ஜனவரி கடைசியில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பகலில் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார்.

ஆப் விஷயம். இதெல்லாம் சகஜம் அக்கா. பதிவு போனிலிருந்து இங்கே வந்து சேரும் வழியில் சில சமயம் விழுந்துவிடும். பஸ்ஸில் சிக்னல் சரியாக இருந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. எண்பத்து நாலு நாளில் ஒரு நாள் போனால் ஆய்வுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போட்டிருக்கிறோம். நீ பாட்டுக்குத் தொடர்ந்து பதி.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆராய்ச்சி என்பது வீட்டுச் சண்டை போடுகிற இடமில்லை. அன்றைக்கு ஏதோ ஒரு துண்டு விரித்ததற்காக மனசில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் அதில் எழுதுவது சரியா என்று நீயே யோசித்துப் பார். படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நோயைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது.

தடையை எடு. உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது.

உன் வாண்டு


பிப்ரவரி 12

வாண்டு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. துண்டு என்று நான் எழுதவே இல்லையே, அம்மா? அந்த வார்த்தையை எழுதக் கை வராமல்தான் பேனாவை நாலு தடவை கீழே வைத்தேன். அன்றைக்கு உன் வீட்டிலும் நான் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதை நான் சொன்ன ஒரே இடம், பத்தொன்பதாம் தேதி, அந்தக் காலிக் கட்டம். சிக்னல் இல்லாமல் வழியில் விழுந்துவிட்ட பதிவை நீ எப்படி அம்மா படித்தாய்?

எதற்குக் கோபம் என்று புரியவில்லையாம்!

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. சொல்லியே விடுகிறேன். பாப்பா பிறந்து ஐம்பது நாள் வரைக்கும் நான் வரவில்லை. கடையில் விடுமுறை கிடைக்கவில்லை என்று சொன்னேன், பொய். உடம்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். தலையில் செதில் உதிர்வது நின்றது. இடது முழங்கை போன வருடமே ஆறிவிட்டது. வலது முழங்கையும் விரல் மூட்டுகளும்தான் சிவந்து தடித்திருந்தன. அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை குளித்தேன். மருந்து தடவி, முழுக்கைச் சட்டை போட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் கையை மடக்காமல் உட்கார்ந்து வந்தேன், மடக்கினால் வெடிக்கும் என்று.

"பாப்பாவைக் குடுடி" என்றேன். நீ சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியிலிருந்து துண்டை எடுத்தாய். வெள்ளைத் துண்டு, ஓரத்தில் நீலக் கோடு. என் மடியில் விரித்தாய். இரண்டு பக்கமும் இழுத்து முழங்கை வரைக்கும் செருகினாய், நாற்காலிக்கு உறை போடுவதுபோல. அப்புறம்தான் குழந்தையை வைத்தாய். நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். வேறென்ன செய்வது?

கடையில் இதெல்லாம் எனக்குப் பழக்கம். மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டுக் காது வளைவைச் சரிபார்க்கும்போது என் விரல் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். என்னைத்தான் பார்ப்பார்கள், பார்க்க வேறொன்றும் இல்லை. போன மாதம் ஒரு அம்மாள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு "வேற யாராவது மாட்டிவிடுங்களேன்" என்றார். முதலாளி என்னை உள்ளே லென்ஸ் தேய்க்கிற மேசைக்கு அனுப்பினார். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமே இல்லை. தெரியாது, பாவம். யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

உனக்குத் தெரியும். எனக்கே சொல்லித் தந்தவள் நீதான். உங்கள் பிரிவு வாசலில் 'இது தொற்றாது, தயங்காமல் கை கொடுங்கள்' என்று ஒட்டியிருக்கிற அறிவிப்பு உன் கையெழுத்து. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாய். பெருமையாகக் கடையில் எல்லோரிடமும் காட்டினேன்.

திரும்பும்போது ஏழு மணிக்கு டிங் என்றது. நான் எழுதியது இதுதான், நீ மறந்திருந்தால்: 'என் தங்கை தோல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இது ஒட்டாது என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள். இன்று குழந்தையை என் மடியில் விடும் முன் துண்டு விரித்தாள். பத்து நிமிஷம் வைத்திருந்தேன். குழந்தையின் சூடுகூட எனக்குத் தெரியவில்லை.'

ஐந்து வரி. இதை ஏன் அழித்தாய்?

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

நான்தான்.

எழுதிவிட்டேன். இப்போது மிச்சத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நாற்பது பேரும் காலிக் கட்டத்தில் எழுதுவதை நாங்கள் வாராவாரம் படித்து வகை பிரிப்போம். வேலையிடம், வெளியாள், குடும்பம், ஆஸ்பத்திரி என்று நாலு வகை. நானும் இன்னொரு பெண்ணும். அவளை எல்லோரும் 'புள்ளிவிவரம்' என்றுதான் கூப்பிடுவோம், எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வாள். நான் விடுப்பிலிருந்து திரும்பியதும் ஒரு மாதத்துக் குவியல் காத்திருந்தது. பிப்ரவரி மூன்றாம் தேதி மத்தியானம் உட்கார்ந்தோம். அவள்தான் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

"இதைக் கேளேன், தங்கச்சியாம், தோல் ஆஸ்பத்திரியிலயே வேலையாம்" என்று ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. படித்து முடித்துவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இவளையெல்லாம் வேலைக்கு வெச்சவங்களைச் சொல்லணும்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீ, இப்படியும் ஒரு ஜென்மமா" என்றேன். வாயில் சரளமாக வந்தது அக்கா. அவளைவிட நான்தான் அதிகம் திட்டினேன். எந்த ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று அவள் யோசித்தபோது இரண்டு மூன்று பெயர்கள்கூட நானே சொன்னேன்.

அவள் டீ வாங்கப் போனதும் அந்தப் பதிவைத் திறந்து 'சோதனைப் பதிவு' என்று குறித்தேன். ஆப்பைச் சரிபார்க்க நாங்களே சில பொய்ப் பதிவுகள் போடுவோம். அப்படிக் குறித்தால் கணக்கிலிருந்து போய்விடும். உன் போனிலும் எண்ணிக்கை குறையும் என்று எனக்கு நினைவே வரவில்லை.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. அவருக்கு இதைப் பற்றியெல்லாம் தெரியாது. ஏதாவது முகம் சுளித்து உன் எதிரில் சொல்லிவிட்டால் உனக்குத்தான் கஷ்டம் என்று நானே முந்திக்கொண்டு விரித்தேன். உன் நல்லதுக்காகச் செய்தது தப்பாகிப் போய்விட்டது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நோயாளி எழுதியதை அழித்தது பெரிய டாக்டருக்குத் தெரிந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். சொந்த அக்காவைச் சேர்த்ததும் விதிப்படி கூடாது. ஒருவருக்கும் சொல்லாமல், நர்ஸை விட்டுக் கையெழுத்து வாங்கித்தான் உன்னைச் சேர்த்தேன். அதனால் நீ இன்றோ நாளையோ அதையே மறுபடி எழுதிவிடு. 'தங்கை' என்பதற்குப் பதிலாக 'உறவினர் ஒருவர்' என்று போடு, ஆஸ்பத்திரி வேண்டாம். நான் அதைக் குடும்ப வகையில் சேர்த்துவிடுகிறேன். நீ சொல்ல வந்தது நின்றுவிடும், நானும் தப்பித்துவிடுவேன். உன் காலில் விழுகிறேன்.

வாண்டு


பிப்ரவரி 20

உறவினர் ஒருவர் என்று எழுத மாட்டேன். எனக்கு உறவினர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் அதைச் செய்யவில்லை.

உன் மாமியாரை இதில் இழுக்காதே. அந்த நேரத்தில் அவர் சமையலறையில் இருந்தார். கதவு சாத்தியிருந்தது, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் "பஸ்ல இடம் கிடைச்சுதாம்மா" என்று கேட்டார். இந்த மூட்டு வீங்கின கையைத்தான். கேட்டுவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்துப் பொய்யையும் சொல்லிவிடுகிறேன், நான் மட்டும் உத்தமி என்று நினைக்காதே. முதல் பதினைந்து நாளும் அரிப்பு பூஜ்யம், தூக்கம் நன்று, எல்லாம் நன்று என்றுதான் இழுத்தேன். படம் எடுத்ததெல்லாம் ஆறிப்போன இடது முழங்கை. நீ படிப்பாய் என்று தெரியும். உன் கண்ணில் நான் அப்படித் தெரிய வேண்டாம் என்று பார்த்தேன். பத்தொன்பதாம் தேதி எழுதியதையும் நீ படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல் ஒரு ஆராய்ச்சிக்குள் போய் ஒளிந்துகொண்டு சொன்னேன். அந்த வகையில் நீ சொன்னது சரிதான், வீட்டுச் சண்டையைத்தான் அதில் போட்டேன். ஆனால் அதுவரை நான் போட்டதில் பொய்யில்லாத முதல் பதிவு அது. அதைத்தான் நீ சோதனைப் பதிவு என்று குறித்தாய்.

நான் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன். உன் வேலையைக் கெடுக்க மாட்டேன். சொல்வதாக இருந்தால் நீயே சொல். சொல்லாவிட்டால் எனக்கு இனிமேல் எழுதாதே.


மார்ச் 3

அக்கா,

சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு நாள் பெரிய டாக்டரின் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். வியாழக்கிழமை அவரே "என்னம்மா, ரெண்டு நாளா கதவைச் சுத்திட்டே இருக்கே" என்று உள்ளே கூப்பிட்டார். கை கழுவிக்கொண்டே கேட்டார். நான் சொல்லச் சொல்லக் குழாயை மூடவே இல்லை. கடைசியில் மூடினார். "நாப்பது பேர் சொல்றதைக் கேக்கத்தானே உக்காந்திருக்கோம்? ஒருத்தங்க வாயைத் திறந்து சொன்னாங்க. நீ அவங்க வாயைப் பொத்திட்டே" என்றார். கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை.

புள்ளிவிவரத்தை வரச்சொல்லி அவள் எதிரிலேயும் சொல்ல வைத்தார். "அந்தத் தங்கச்சி நான்தான்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பத்தொம்பதாம் தேதிதானே டாக்டர், எடுத்துத் தரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு சதவீதம்கூடப் பேசுவதில்லை.

வேலை போகவில்லை, இப்போதைக்கு. என்னை ஆய்விலிருந்து எடுத்து வெளிநோயாளிகள் சீட்டு கொடுக்கிற ஜன்னலில் போட்டிருக்கிறார்கள். விசாரணை முடிந்த பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. அங்கே முதல் நாள் ஒரு ஆள் சீட்டை நீட்டினார். மணிக்கட்டு முழுக்கச் செதில். சீட்டின் கடைசி ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கினேன். வாங்கின பிறகுதான் என் விரலைப் பார்த்தேன். எட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் இப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது அக்கா. இது ஒட்டாது என்று வாயால் சொல்லிக்கொண்டே.

இப்போது நிஜத்தைச் சொல்கிறேன். அத்தை அங்கே இல்லை. நீ, நான், பாப்பா, அவ்வளவுதான். 'கை தானாகப் போய்விட்டது' என்று முதலில் எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். கை தானாகப் போகவில்லை. நீ வருகிறாய் என்று போன் பண்ணியதும் முந்தின நாளே அந்தத் துண்டை எடுத்து மடித்து, அந்த நாற்காலியில் கொண்டுவந்து வைத்தேன். நீ உட்காரப் போகிற இடத்துக்குப் பக்கத்தில். வைக்கும்போது மனசில் எந்த யோசனையும் இல்லை, பால் புட்டியைக் கழுவி வைப்பதுபோல வைத்தேன். நீ கிளம்பியதும் சுடுதண்ணீரில் தனியாகத் துவைத்தேன். இதை நான் பெரிய டாக்டரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதவில்லை.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். நெறிமுறைக் குழு அவசரமாகக் கூடிப் பேசியது. உன் பதிவுகளை என்ன செய்வது என்று நீதான் முடிவு செய்ய வேண்டுமாம். வேண்டாம் என்றால் முழுசாக நீக்கிவிடுவார்கள், நாற்பதாம் எண் என்று ஒருவர் சேர்ந்ததாகவே இருக்காது. இருக்கட்டும் என்றால் பத்தொன்பதாம் தேதிப் பதிவு திரும்ப வந்துவிடும், இன்னொருவர் பொறுப்பில் தொடரலாம். ஆனால் நாற்பதாம் எண் யார் என்று இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது அக்கா. அதை நான்தான் செய்தேன். எதில் குறி போட்டாலும் அது சரிதான்.

வாண்டு


மார்ச் 10

வாண்டு,

முந்தின நாளே எடுத்து வைத்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். ஒரு வாடிக்கையாளருக்கு இடது லென்ஸை வலது பக்கம் பொருத்திக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சுடுதண்ணீரில் துவைத்ததை நீ சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் உன்னை நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

படிவத்தில் 'இருக்கட்டும்' என்பதில் குறி போட்டுவிட்டேன். யாருக்குத் தெரிந்தால் என்ன? இந்தக் கையை எத்தனை வருடம்தான் மேசைக்குக் கீழேயே வைத்துக்கொள்வது? முதல் பதினைந்து நாள் பொய் என்றும் ஓரத்தில் எழுதிவிட்டேன், அதை அவர்கள் என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும். இப்போது தினமும் வலது முழங்கையைத்தான் படம் எடுத்து அனுப்புகிறேன். புதுப் பொறுப்பாளர் அம்மாள் போன் பண்ணி "வெளிச்சத்துல எடுங்கம்மா, தெளிவா இல்லை" என்றார். தெளிவாக இருந்தால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்றேன். சிரித்தார்.

இனி எழுதப் போவதை அந்தக் கட்டத்தில்கூட நான் எழுதவில்லை.

அன்றைக்கு நீ துண்டை எடுத்தபோது எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அது பஸ்ஸில் ஏறின பிறகு வந்தது. விரித்த அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, இவளே செய்துவிட்டாள், நான் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை என்று இருந்தது. நீ விரிக்காவிட்டால் நானே கேட்டிருப்பேன். என் பையிலும் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தேன், வாண்டு. புதுத் துண்டு, அதற்காகவே வாங்கினது.

இது ஒட்டாது என்று எனக்கும்தான் தெரியும், நீ சொல்லித் தந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் கடையில் யார் முகத்தையும் நேராகத் தொடாமல் காகிதக் கைக்குட்டையை விரலுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஓடி வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறேன். 'இன்று நீங்கள் யாரையாவது தொடத் தயங்கினீர்களா' என்று அந்த ஆப் தினமும் கேட்கிறது. தினமும் 'இல்லை' என்று போட்டுவிட்டு, அடுத்தவர் தயங்கியதைப் பற்றி மட்டும் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்தேன். நேற்றுதான் 'ஆம்' என்று போட்டேன். போட்டுவிட்டு வெகுநேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே கூனிக்குறுகிப் போனேன்.

அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. நான் என்னைப் பற்றி நினைத்துக்கொள்வது வேறு, நீ என்னை நினைப்பது வேறு. அந்த வலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, போகும்போது போகட்டும். உன் நம்பரின் தடையை இன்று காலையில் எடுத்துவிட்டேன். உடனே போன் பண்ணித் தொலைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வா. மத்தியானம் கடை மூடிவிடும். நான் ஏதாவது சாக்குச் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். மருந்து தடவியிருக்கிறேன் என்பேன், கை கழுவவில்லை என்பேன், தூங்குகிற குழந்தையை ஏன் எழுப்புகிறாய் என்பேன். எதையும் காதில் வாங்காதே. கையில் கொடுத்துவிடு.

அக்கா